ஐந்து பேரை வைத்து ஒரு தையல் லைன் போடுவது எப்படி: மொடல் டி காரிடம் நான் படித்தது

களுவாஞ்சிகுடியில் எங்கள் வீட்டு முன்விறாந்தைதான் தையல்கூடம். மெஷின் ஆறு, ஆட்கள் என்னோடு ஐந்து. தைப்பது பெரும்பாலும் ஒரே பொருள்: ஆண் பிள்ளைகளின் வெள்ளைப் பள்ளிக்கூடச் சட்டை. தையல் தெரிந்த பெண்கள் பலர், "நாங்களும் நாலு பேர் சேர்ந்து செய்யலாமா அக்கா?" என்று வந்து கேட்கிறார்கள். வாயால் சொல்லும்போது பாதி விடுபட்டுப் போகிறது. அதனால் முழுவதையும் எழுதுகிறேன்.

லைன் என்றால், ஒரு சட்டையின் வேலையைக் கூறுகளாகப் பிரித்து, ஆளுக்கொரு கூறாகக் கைமாற்றித் தைப்பது. நான் லைன் போட்டதற்கு ஒரு தாய்தான் காரணம். பள்ளிக்கூடச் சீருடைத் துணியை அரசாங்கம் இலவசமாகத் தருகிறது. தையல் கூலி மட்டும் வீட்டுக் காசிலிருந்து போக வேண்டும். மூன்று ஆண் பிள்ளைகளின் தாய் ஒருவர் மூன்று துணியோடு வந்தார். சட்டைக்கு 450 ரூபா என்றதும் ஒன்றை மேசையில் வைத்துவிட்டு மற்ற இரண்டையும் பைக்குள் திரும்ப வைத்தார். "மூத்தவனுக்கு மட்டும் தைங்க தங்கச்சி. மற்ற ரெண்டையும் மறுகா பாப்பம்." இலவசமாக வந்த துணி பெட்டிக்குள் கிடக்க, பிள்ளைகள் இருவரும் பழுப்பேறிய சட்டையோடு பள்ளிக்கூடம் போவார்கள். அன்றிரவு கணக்குப் பார்த்தேன். ஐம்பது ரூபா குறைப்பதென்றாலும் எங்களில் யாருடையதோ சம்பளத்தில்தான் கைவைக்க வேண்டியிருந்தது. ஆளைக் குறைக்காமல், இருக்கிறவர்களை விரட்டாமல் கூலியைக் குறைக்க வழி உண்டா என்று தேடத் தொடங்கினேன்.

முன்னர் ஏழு வருடம் ஒரு கார்மென்ட்ஸ் தொழிற்சாலையில் இருந்தேன். லைன் என்பது ஏன் அப்படி இருக்கிறது என்று அங்கே எங்களுக்கு யாரும் விளக்கவில்லை. டார்கட்டை மட்டும் சொன்னார்கள். ஊருக்கு வந்த பிறகுதான் அது எங்கே பிறந்தது என்று தேடிப் படித்தேன். நகரும் லைனைப் பெரிய அளவில் முதலில் நடத்திக் காட்டியது அமெரிக்காவில் டெட்ரொயிட் பக்கம் இருந்த ஹென்றி ஃபோர்டின் கார்த் தொழிற்சாலை. 1908-இல் மொடல் டி என்ற கார் வந்தபோது விலை 850 டொலர். 1925 அளவில் அதே வகைக் கார் 290 டொலர். பதினேழு வருடத்தில் விலை மூன்றில் ஒன்றுக்கும் கொஞ்சம் மேலே வந்து நின்றது. டொக்டரும் முதலாளியும் வைத்திருந்த பொருள் கமக்காரனின் வளவுக்குள்ளும் வந்தது. அது எப்படி நடந்தது என்று படிக்கப் படிக்க, என் சட்டைக் கூலிக்கும் அதில் விடை இருப்பது தெரிந்தது.

எல்லாம் ஒரே மாதிரி வெட்டப்பட வேண்டும்

லைன் என்றதும் எல்லாரும் மேசைகளை வரிசையாகப் போடுவதில் தொடங்குகிறார்கள். அது பிறகு செய்யும் வேலை. முதலில் துண்டுகள் ஒன்றுபோல இருக்க வேண்டும்.

ஆரம்ப காலத்தில் கார் ஓரிடத்தில் நிற்கும். தேர்ந்த கைவினைஞர் அதைச் சுற்றி நின்று ஒவ்வொரு பாகத்தையும் அராவிப் பொருத்துவார்கள். இந்தக் காரின் பாகம் அந்தக் காருக்குச் சேராது. ஃபோர்டின் ஆட்கள் லைன் போடுவதற்கு முன்பே பாகங்களை ஒரே அளவில் கடைந்தெடுக்கும் இயந்திரங்களைக் கொண்டுவந்தார்கள். அராவும் வேலை இருக்கும்வரை லைன் ஓடாது. அராவுகிறவர் நிற்கும் நேரமெல்லாம் அவருக்குப் பின்னால் உள்ளவர்களும் நிற்க வேண்டும். என் மாமாவிடம் ஒரு மொரிஸ் மைனர் கார் இருந்தது. கொழும்பில் பஞ்சிகாவத்தையில் யாரோ கழற்றி விற்ற பாகத்தை வாங்கி வந்து மட்டக்களப்பில் அப்படியே பூட்டுவார். சின்ன வயதில் அதை நான் பெரிதாக எண்ணவில்லை. இப்போது எண்ணுகிறேன்.

எங்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல். துணி ஒவ்வொரு பிள்ளையினுடையதும் தனித்தனியாக வருகிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் அளவெடுத்து வெட்டினால் ஒவ்வொரு சட்டையும் ஒரு தனிக் கார். ஆகவே அளவெடுப்பதை விட்டேன். ஆறு அளவுகளில் ஆறு மாதிரிச் சட்டைகள் தைத்து விறாந்தைக் கம்பியில் தொங்கவிட்டேன். பிள்ளை வந்ததும் போட்டுப் பார்க்கும். தோளும் கையும் சரியாக இருக்கும் சட்டையைத் தாய் தெரிவு செய்வார். அடுத்த வருடத்துக்கும் வர வேண்டுமென்றால் ஒரு அளவு கூட்டிச் சொல்வார். அந்த இலக்கம் துணியில் கட்டிய சீட்டில் ஏறும். ஆறு அளவுக்கும் தடித்த காட்போட்டில் வெட்டு வடிவம் செய்துவையுங்கள். கொலர் நடு, தோள் நடு, கையின் முன்பக்கம் ஆகிய மூன்று இடத்திலும் சின்ன வெட்டு அடையாளம் இருக்கட்டும். பிறகு ஒரே அளவுத் துணிகளை எட்டெட்டாக அடுக்கி ஒரே முறையில் வெட்டலாம். எட்டுத் துணியும் எட்டு வீட்டுடையவை என்பதை மறக்கக் கூடாது: வெட்டிய கையோடு ஒவ்வொரு துண்டின் உட்புறத்திலும் சீட்டு இலக்கத்தைச் சோக்கால் எழுதிவிடுங்கள். அடுத்த பிள்ளையின் பொக்கட் உங்கள் பிள்ளையின் சட்டையில் ஏறினால், வெள்ளையிலும் வெள்ளை வித்தியாசம் உண்டு, தாய் கண்டுபிடித்துவிடுவார்.

மணிக்கூட்டோடு ஒரு நாள் இருங்கள்

அடுத்தது நேரம். ஒரு கொப்பியும் மணிக்கூடும் எடுத்து, ஒருவர் முழுச் சட்டையும் தைக்கும்போது பக்கத்தில் இருங்கள். தைக்கிறவரிடம் முதலே சொல்லுங்கள்: "உங்களைப் பார்க்கவில்லை, சட்டையைப் பார்க்கிறேன்." கார்மென்ட்ஸில் மணிக்கூட்டோடு ஒருவர் பக்கத்தில் வந்து நின்றாலே எங்களுக்குக் கை நடுங்கும். அந்த நடுக்கத்தை உங்கள் விறாந்தைக்குள் கொண்டுவராதீர்கள்.

எங்கள் சட்டைக்கு, வெட்டு நீங்கலாக, 75 நிமிடம் எடுத்தது. ஒவ்வொரு வேலையையும் பிரித்து எழுதிக் கூட்டிப் பார்த்தால் 50 நிமிடம்தான் வந்தது. மிச்சம் 25 நிமிடம் எங்கே போனது? துணியின் ஓரம் அடிக்கும் ஓவர்லொக் மெஷினுக்கு எழும்பிப் போனது, அது ஓய்வாகும்வரை காத்து நின்றது, கத்தரிக்கோல் தேடியது, பொபின் மாற்றியது, அடுத்து எந்தத் துண்டு என்று குவியலைக் கிளறியது. யாரும் சோம்பியிருக்கவில்லை. மெலிந்துபோகும் அளவுக்கு ஓடித்தான் திரிந்தார்கள். ஆனால் அந்த 25 நிமிடத்தில் சட்டையில் ஒரு தையல்கூட ஏறவில்லை. குறைக்க வேண்டியது அதைத்தான். ஊசி ஓடும் 50 நிமிடத்தில் கைவைக்க வேண்டாம்.

அந்த 50 நிமிடம் இப்படி: கொலர் தைத்துப் புரட்ட 7, முன்பட்டி மடிக்க 4, பொக்கட் 4, தோள் இணைக்க 4, கொலர் ஏற்ற 7, இரண்டு கையும் ஏற்ற 7, பக்கம் மூட 4, கீழ் மடிப்பு 3, பட்டனும் பட்டன் ஓட்டையும் 6, நூல் வெட்டி அயன் பிடித்து மடிக்க 4.

பிரிப்பதும் சமப்படுத்துவதும்

ஃபோர்டின் தொழிற்சாலையில் முதலில் பிரித்துப் பார்த்தது முழுக் காரை அல்ல. இயந்திரத்துக்குத் தீப்பொறி தரும் மக்னீட்டோ என்ற சின்னப் பாகத்தை. ஒருவர் தனியே ஒன்றைப் பூட்ட ஏறத்தாழ 20 நிமிடம். 1913-இல் அந்த வேலையை 29 கூறாக்கி ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தபோது 13 நிமிடம் 10 செக்கன். இதில் எனக்குப் பிடித்த பாடம், சின்னதில் தொடங்கியது. நீங்களும் முழுச் சட்டையில் தொடங்காதீர்கள். முதலில் கொலரை மட்டும் பிரித்துப் பாருங்கள்: ஒருவர் தைக்க, ஒருவர் புரட்டி அயன் பிடிக்க. இரண்டு நாளில் கைபடிந்துவிடும்.

பிரிக்கும்போது ஒரு விதியை நெஞ்சில் வைத்திருக்க வேண்டும்: அதிக நேரம் எடுப்பவர் எவரோ அவருடைய நேரம்தான் லைனின் நேரம். என் முதல் பங்கீட்டில் முதலாம் ஆளுக்குக் கொலரும் முன்பட்டியும், 11 நிமிடம். இரண்டாம் ஆளுக்குப் பொக்கட்டும் தோளும், 8. மூன்றாம் ஆள் கொலர் ஏற்ற, 7. நான்காம் ஆளுக்குக் கையும் பக்கமும், 11. ஐந்தாம் ஆளுக்குக் கீழ் மடிப்பு, பட்டன், அயன் எல்லாம் சேர்ந்து 13. இடைவேளை போக ஒரு நாளில் எங்களுக்கு 420 நிமிடம் வேலை. அதை 13-ஆல் பிரித்தால் 32 சட்டை. மற்ற நால்வரும் எவ்வளவு விரைந்தாலும் 32-க்கு மேல் போகாது. ஐந்தாம் ஆளுக்கு முன்னால் குவியல்தான் உயரும். அந்தக் குவியலைப் பார்த்துக்கொண்டே தைப்பது எப்படிப்பட்ட மனவருத்தம் என்பது லைனில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

கீழ் மடிப்பு 3 நிமிடத்தை மூன்றாம் ஆளிடம் கொடுத்தால் அவருக்கு 10, ஐந்தாம் ஆளுக்கும் 10. ஆனால் கீழ் மடிப்பு பக்கம் மூடிய பிறகுதான் வரும். சட்டை திரும்பிப் பின்னால் போக வேண்டும். மேசைகளை நேர்க்கோட்டில் போட்டிருந்தால் யாராவது எழும்பி நடக்க வேண்டியிருக்கும். நான் மேசைகளைக் குதிரை லாடம் மாதிரி வளைத்துப் போட்டேன். மூன்றாம் ஆளுக்கு நேர் எதிரே கை நீட்டினால் எட்டும் தூரத்தில் நான்காம் ஆள். சட்டை குறுக்கே போய்க் குறுக்கே வருகிறது. இப்போது கூடிய நேரம் 11. 420-ஐ 11-ஆல் பிரித்தால் 38. முன்பு ஆளுக்கொரு சட்டையாகத் தைத்தபோது ஐந்து பேருக்கும் சேர்த்து 28.

இந்த 38 கணக்கில் வருவது. எங்களுக்கு நடைமுறையில் 36 வந்தால் நல்ல நாள். இன்னொன்றையும் சொல்லிவைக்கிறேன்: முதல் கிழமையில் 24-தான் வந்தது, பழைய முறையை விடக் குறைவு. புது வேலைக்குக் கை பழகும்வரை அப்படித்தான் இருக்கும். பலர் இந்தக் கிழமையில்தான் பயந்து லைனைக் கலைத்துவிடுகிறார்கள். சீருடைச் சீசன் தொடங்குவதற்கு ஒரு மாதத்துக்கு முன்பே பழகத் தொடங்குங்கள்.

வேலை கையைத் தேடி வரட்டும்

காரின் அடிச்சட்டத்தைப் பூட்ட, அது ஒரே இடத்தில் நின்றபோது ஒரு காருக்கு 12 மணித்தியாலம் 28 நிமிடம் உழைப்பு. 1913-இல் கயிறு கட்டி அதை 250 அடி தூரம் இழுத்துப் பார்த்தார்கள்; ஆறு பேர் கூடவே நடந்து வழியில் வைத்திருந்த பாகங்களைப் பூட்டினார்கள். 5 மணித்தியாலம் 50 நிமிடமாகக் குறைந்தது. 1914-இல் லைனை ஆளின் இடுப்பளவுக்கு உயர்த்தி, வேலையை இன்னும் பிரித்து, ஆள் நிற்குமிடத்துக்கே சங்கிலியால் காரைக் கொண்டுவந்தபோது 1 மணித்தியாலம் 33 நிமிடம். சிக்காகோ இறைச்சிக் கூடங்களில் மேலே கம்பியில் தொங்கி நகரும் இறைச்சியை வரிசையாக நிற்பவர்கள் வெட்டியெடுப்பதைப் பார்த்துத்தான் அந்த யோசனை வந்ததாம். எங்கள் ஊரில் கூரை வேயும்போது கிடுகைக் கைமாற்றிக் கைமாற்றி மேலே அனுப்புவார்களே, ஒருவரும் ஏணியில் ஏறி இறங்காமல்? அதுவும் இதே அறிவுதான்.

உயரத்தைப் பற்றி ஒரு செய்தி படித்து மேசையில் கையை வைத்தபடி நெடுநேரம் இருந்தேன். மக்னீட்டோ லைனை 8 அங்குலம் உயர்த்தியதும் 13 நிமிட வேலை 7 நிமிடமானது. ஒருவரும் கூடுதலாக விரையவில்லை. குனிவது நின்றது, அவ்வளவுதான். வேகத்தைச் சரிபார்த்த பின் அது 5 நிமிடத்துக்கும் வந்தது. அடிச்சட்ட லைனில் உயரமானவர்களுக்கு ஒரு வரிசை, குள்ளமானவர்களுக்கு இன்னொரு வரிசை என்றுகூடப் போட்டார்கள். உடனே தச்சரைக் கூப்பிட்டேன். எங்களில் மூத்தவரான மாமி ஐந்தடிக்கும் குறைவு. அவருடைய கதிரையை உயர்த்திக் காலடியில் பலகை வைத்தோம். அயன் மேசையை நிற்கிறவரின் முழங்கை மட்டத்துக்கு ஏற்றினோம். இருவருக்கிடையே வழவழப்பான பலகை ஒன்றைச் சற்றுச் சரிவாக வைத்தோம். தைத்து முடிந்தது தானாக அடுத்தவரின் இடது கைக்கு வழுக்கிப் போகும். கத்தரிக்கோல் ஒவ்வொருவருக்கும் ஒன்று, நாடாவில் கட்டி மெஷினோடு. பொபின்களைக் காலையிலேயே சுற்றி வையுங்கள், ஆளுக்கு ஐந்து. இவ்வளவுக்கும் செலவு தச்சுக் கூலியும் நான்கு கத்தரிக்கோலும்தான். பழைய 25 நிமிடத்தில் பெரும்பகுதி இதிலேயே மீண்டது.

அடுத்தவருக்கு அனுப்பும்போது கட்டு சின்னதாக இருக்கட்டும். நாங்கள் நான்கு சட்டைக்கு ஒரு கட்டு வைக்கிறோம். பெரிய கட்டாக அனுப்பினால் ஒரு பிழை இருபது சட்டையில் ஏறிய பிறகுதான் தெரியவரும். பிழை கண்டவர் யாராக இருந்தாலும் கையை உயர்த்தி லைனை நிறுத்தலாம். இது ஃபோர்டிடம் படித்ததல்ல. ஜப்பானில் டொயோட்டா தொழிற்சாலையில் எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுத்து லைனை நிறுத்த முடியும். எங்கள் விறாந்தையில் கயிறு தேவையில்லை, வாயே போதும்.

காய்வதற்கு ஆகும் நேரம்

கை எவ்வளவு விரைந்தாலும் காய்வது காய்கிற நேரத்தில்தான் காயும். மொடல் டி 1914 முதல் 1925 வரை கறுப்பில் மட்டும் வந்தது. நீடித்து நிற்கும் மலிவான பூச்சு அந்தக் கறுப்பு; விரைவாகக் காயும் என்பதும் காரணம் என்று சொல்வார்கள், அது உறுதியில்லை. எங்களுக்குக் காய்வது துணி. சுருங்காமல் இருக்க வெட்டுமுன் நனைத்துக் காயவைக்க வேண்டும். சீருடைச் சீசனோ மாரியில் வருகிறது. கார்த்திகை மார்கழியில் இந்தக் கரையில் வெள்ளைத் துணி காய்வதற்கு மூன்று நாள் எடுக்கும், மணமும் பிடிக்கும். புரட்டாசிக்குள் துணியைத் தரும்படி தாய்மாரிடம் சொல்லி, கச்சான் காற்றின் மிச்சச் சூடு இருக்கும்போதே நனைத்துக் காயவைத்து அலுமாரியில் அடுக்குங்கள்.

ஆட்கள்

இந்தப் பகுதியை எழுதத்தான் எனக்கு அதிக நேரம் எடுத்தது.

லைன் ஓடத் தொடங்கி மூன்றாம் கிழமையில் மாமி சொன்னார்: "ஒரு சட்டையையும் முழுசாத் தைச்ச மாதிரி இல்ல புள்ள. விடிஞ்சாப் பொழுதுபட்டாக் கையத்தான் ஏத்திக்கொண்டு இருக்கன்." நாற்பது வருடம் தைத்தவர். அவர் சொன்னது எனக்கு நன்றாகப் புரிந்தது. கார்மென்ட்ஸில் முதல் மூன்று வருடம் நானும் சட்டையின் இடது கை ஒன்றைத்தான் ஏற்றினேன்.

ஃபோர்டின் தொழிற்சாலையிலும் இதே நோவு வந்தது. 1913-இல் ஏறத்தாழ 14,000 பேர் இருந்த இடத்தை நிரப்பிவைக்க வருடத்துக்கு 52,000 பேரை வேலைக்கு எடுக்க வேண்டியிருந்தது. வந்தவர்கள் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தார்கள். 1914 சனவரியில் நாளுக்கு 5 டொலர், ஒன்பது மணித்தியாலத்துக்குப் பதில் எட்டு என்று அறிவித்தார்கள். அதுவரை நாள் கூலி இரண்டரை டொலரைத் தொடவில்லை. 1916-இல் கார் 360 டொலருக்கு இறங்கியபோது, ஐந்து டொலர் வாங்குகிறவருக்கு அது 72 நாள் கூலி. செய்கிறவரே வாங்கக்கூடிய பொருளாக அது மாறியது இந்த இரண்டும் சேர்ந்ததால்தான்: விலை இறங்கியது, கூலி ஏறியது. ஆனால் அந்த ஐந்து டொலரில் பாதி இலாபப் பங்கு. வீட்டுக்கு ஆள் அனுப்பி, குடிக்கிறானா, குடும்பம் ஒழுங்கா என்று பார்த்த பிறகே கொடுத்தார்கள். பெண்களுக்கு அது 1916-இல்தான் வந்தது. தையல் லைனில் வாழ்ந்தவளுக்கு இந்தக் கடைசி வரியை எளிதில் கடந்து போக முடியவில்லை.

நாங்கள் செய்வது இது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒவ்வொருவரும் ஒரு கதிரை தள்ளி இருப்போம். இதனால் நாளுக்கு ஒன்றிரண்டு சட்டை குறையும், குறையட்டும். ஒருவர் வராத நாளில் லைன் படுத்துவிடாமல் இருப்பதும் இதனால்தான். சனிக்கிழமையில் ஆளுக்கொரு முழுச் சட்டை, தொடக்கத்திலிருந்து முடிவுவரை. வெளியே போவதற்கு யாரிடமும் யாரும் கேட்பதில்லை.

காசுக் கணக்கையும் மறைக்காமல் சொல்கிறேன். முன்பு நாளுக்கு 28 சட்டை, 450 ரூபாப்படி 12,600. லைனுக்குப் பிறகு 36 சட்டை. கூலியை 400 ஆக்கினேன், 14,400. கூடிய 1,800 ரூபாவில் நூல், மின்சாரம் போக மிச்சத்தை ஐந்து பங்காக்கினோம். கூலியை 350-க்கு இறக்கியிருந்தால் வரவு அதே 12,600-இல் நின்று, எட்டுச் சட்டை கூடத் தைத்தும் கையில் ஒன்றும் மிஞ்சாமல் போயிருக்கும். ஆகவே எவ்வளவு இறக்கலாம் என்பதைக் கொப்பியில் போட்டுப் பார்த்த பிறகு சொல்லுங்கள். முழு மிச்சத்தையும் நீங்களே வைத்துக்கொள்ளவும் வேண்டாம். விலை இறங்கினால்தான் பெட்டிக்குள் கிடக்கும் துணி வெளியே வரும். ஃபோர்ட் ஒவ்வொரு தடவை விலையை இறக்கியபோதும் அதுவரை கார் வாங்க நினைக்காத கூட்டம் ஒன்று வந்தது. 1923-இல் ஒரே வருடத்தில் 18 இலட்சத்துக்கும் மேல் செய்தார்கள். எங்களுக்கு வந்தது பக்கத்துக் கிராமங்களின் துணி. முன்பு ஆறு கிழமையில் முடிந்துவிடும் சீசன் இப்போது மூன்று மாதம் நீள்கிறது.

லைனில் போடக் கூடாதது

சாறி பிளவுஸ், கலியாணச் சட்டை, ஒருவருடைய உடம்புக்கென்றே தைப்பவை எதையும் லைனில் போடாதீர்கள். ஒரே பொருளை மலிவாகச் செய்யப் பழகிய லைன் வேறொன்றுக்குத் திரும்பச் சிரமப்படும். மொடல் டி ஒன்றரைக் கோடி ஓடிய பிறகு, சனங்கள் வேறு அழகும் வேறு நிறமும் கேட்கத் தொடங்கியபோது, 1927 மேயில் அதை நிறுத்தினார்கள். அடுத்த மொடல் ஏ வெளிவர டிசம்பர் ஆகிவிட்டது. மாதக்கணக்கில் தொழிற்சாலை காரே செய்யாமல் கிடந்தது. நாங்கள் பிளவுஸ் வேலையைச் சனிக்கிழமைக்கு வைத்திருக்கிறோம். மாமியின் கையில் ஒரு பிளவுஸ் முழுசாக உருவாவதைப் பார்க்க, சின்னவர்கள் மூவரும் தங்கள் வேலையை விட்டுவிட்டு அவருடைய மெஷினைச் சுற்றி நிற்கிறார்கள். அந்த நேரத்தில் நான் மணிக்கூட்டைப் பார்ப்பதில்லை.